மூன்று புள்ளி நான்கு

மூவார்,
9 ஜூன் 2024

மாப்பிள்ளை தங்கராஜு அவர்களுக்கு,

நான் வாய் மூடி இருந்தது போதும். இரண்டு ஆண்டுகளாகக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் நான் இல்லை, குளுவாங்கில் உங்கள் வீட்டுப் பக்கமும் வரவில்லை. ஹேமநாதனுக்குக் கோபம், தானாகத் தணிந்துவிடும் என்று நீங்களும் என் தங்கை கஸ்தூரியும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தணியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு உங்களிடம் வேலை செய்யும் லோரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்க வைப்பீர்கள். அதனால் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

உங்கள் மகள் தேன்மொழியின் கல்யாணத்தன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டிய தாய்மாமன் நான். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, தட்டை ஏந்தி மேடையேறினேன். நீங்கள் மைக்கைப் பிடித்து, "ஜோடியா நிக்கணும் மச்சான். நீங்க ஒத்த ஆளு, கீழ உக்காருங்க லா" என்றீர்கள். என் மனைவி என்னைப் பிரிந்து சிங்கப்பூருக்குப் போய்விட்டது அன்றுவரை மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதோடும் விடவில்லை. "நம்ம மச்சான் ஐம்பத்து நாலு கிலோ. ஃபேன் காத்துக்குத் தட்டோட பறந்துருவாரு" என்றீர்கள். முந்நூறு பேர் சிரித்தார்கள். ஒன்றுவிட்ட தம்பி ஜெயபாலன் தன் மனைவியோடு ஏறிப் பட்டத்தைக் கட்டினான். நான் தட்டோடு படியிறங்கினேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்தவன் நான். என்னிடம் தொழில் பழகியவன் எனக்கே மேலதிகாரியாகி வந்தபோதுகூட இப்படிக் கூனிக் குறுகவில்லை.

நலம் விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன். கஸ்தூரியின் முட்டி வலி எப்படி இருக்கிறது? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஹேமநாதன்


குளுவாங்,
30 ஜூன் 2024

அன்பு மச்சானுக்குத் தங்கராஜு எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். கஸ்தூரியின் முட்டி வலி மழை வந்தால் வருகிறது, வெயில் வந்தால் போகிறது. நீங்கள் அங்கே நேரத்துக்குப் பசியாறுகிறீர்களா?

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குத் தபாலில் கடைசியாக வந்தது போலீஸ் சம்மன். இது அதைவிடச் சூடாக இருந்தது. கல்யாண விஷயத்தை எழுத்தில் பேச எனக்கு வராது. நேரில் வாருங்கள், பேசுவோம். கஸ்தூரியிடம் கடிதத்தைக் காட்டவில்லை.

நீங்களே தபால் வழியைத் திறந்துவிட்டதால் ஒரு விஷயம் கேட்கிறேன். இதையும் போனில் கேட்க வெட்கமாக இருக்கிறது. போன மாதம் லோரிக்காரர் சங்கத்தில் இலவசமாக இரத்தம் சோதித்தார்கள். ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. என்று ஒன்றும் எடுத்தார்கள். ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கிற சோதனையாம். தாளை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உயரம் 168, எடை 121 கிலோ. நான் ஏறியதும் எடை மிஷின் கீச்சென்று கத்தியது. பின்னால் நின்ற பயல்கள், "அலமாக், அண்ணன் லோரியோட ஏறிட்டாரு" என்றார்கள். பி.எஸ்.ஏ. 3.4. நான்குக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். உங்களுக்கு 3.9 என்று கஸ்தூரியிடம் முன்பு சொல்லியிருக்கிறீர்கள். ஆக, ஐம்பத்து நாலு கிலோ உடம்பைவிட நம்ம உடம்புதான் நல்ல உடம்பு. என்ன மச்சான்?

வேடிக்கை இருக்கட்டும். படுத்தால் நான்கு தடவை எழுந்து ஒண்ணுக்குப் போகிறேன். நின்று நின்றுதான் வருகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் கஸ்தூரி தேதி வாங்கி வைத்திருக்கிறாள், ஆகஸ்டு ஐந்து. அங்கே பின்பக்கம் விரல் விட்டுப் பார்ப்பார்கள் என்று ஆபீஸில் செல்வா சொன்னான். எனக்கு அது முடியாது மச்சான். நீங்கள் முப்பது வருடம் இரத்தம் பார்த்தவர். இந்த 3.4 நல்ல நம்பர்தானா? நீங்கள் போ என்றால் போகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். உங்கள் பேச்சுதான் எனக்குக் கணக்கு.

உங்கள் மாப்பிள்ளை
தங்கராஜு


மூவார்,
11 ஜூலை 2024

மாப்பிள்ளைக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று அறிந்தேன். இங்கே ஒரு வாரமாக நல்ல வெயில்.

நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். சோதனை செய்த கூடம் நம்பகமானது. முறையும் சரியானது. பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு நான்கு. உங்கள் எண் 3.4. வரம்புக்குள் இருக்கிறது. சிறுநீர்த் தொந்தரவு உங்கள் வயதில் பலருக்கும் உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் புற்றுநோய் அல்ல. என் எண்ணைவிட உங்கள் எண் குறைவு என்று நீங்கள் கவனித்ததும் சரியே.

நேரில் வந்தால் பேசலாம் என்கிறீர்கள். மைக்கில் சொன்னதை நேரில் பேசி எப்படித் திரும்பப் பெறுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கஸ்தூரிக்கு என் விசாரிப்பு.

ஹேமநாதன்
மருத்துவ ஆய்வக அதிகாரி (ஓய்வு)


குளுவாங்,
28 ஜூலை 2024

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்களும் நன்றாக இருக்க வேண்டும், நாங்களும் நன்றாக இருக்கிறோம். ரொம்ப நன்றாக இருக்கிறோம். பயத்தில் இரண்டு வாரமாகத் தொடாமல் இருந்த ஆட்டுக்கறியை உங்கள் கடிதம் வந்த அன்றைக்குச் சாப்பிட்டேன்.

கடிதத்தில் உங்கள் உத்தியோகப் பெயரைப் போட்டீர்கள் பாருங்கள், அதுதான் வேலை செய்தது. கஸ்தூரியிடம் நீட்டினேன். மைக்கைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பகுதி அவளுக்குத் தெரியாமல் மடித்துத்தான் காட்டினேன். "அண்ணனே எழுதிட்டா அப்புறம் என்ன" என்று விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரித் தேதியை அன்றைக்கே கேன்சல் செய்தோம். இனி அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆபீஸில் இப்போது உங்களுக்குப் பெயர் டாக்டர் மச்சான். செல்வாகூடத் தன் சர்க்கரைத் தாளை உங்களுக்கு அனுப்பலாமா என்று கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கோபத்தில் இருந்தும் கேட்டதற்குப் பதில் எழுதினீர்கள். வேறு ஆளாக இருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்பான். அதை நான் மறக்க மாட்டேன்.

சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். ஏற்கெனவே குறைவு.

தங்கராஜு


மூவார்,
20 அக்டோபர் 2024

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்துக்கு மூன்று மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். நேரமில்லை என்று சொன்னால் பொய். எனக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டு முறை எழுதத் தொடங்கி நிறுத்தினேன்.

உடல்நலம் எப்படி? இங்கே எதிர்வீட்டு நாற்காலிப் பட்டறையின் மரத்தூள் ஒத்துக்கொள்ளாமல் இருமல் வந்து போயிற்று.

ஆஸ்பத்திரித் தேதியை ரத்து செய்ததாக எழுதியிருந்தீர்கள். நான் ரத்து செய்யச் சொல்லவில்லை. தாளில் இருந்ததை மட்டுமே சொன்னேன். எப்படியும் அந்தச் சோதனையை அடுத்த ஆண்டு ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுதான். எடையையும் கொஞ்சம் குறைக்கலாம்.

தீபாவளிக்கு அழைப்பு அனுப்பாதீர்கள். வர மாட்டேன். கஸ்தூரிக்கும் தேன்மொழிக்கும் முன்கூட்டியே என் வாழ்த்து.

ஹேமநாதன்


குளுவாங்,
12 நவம்பர் 2024

என் மச்சானுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இந்தத் தீபாவளி நல்ல தீபாவளியாக இல்லை. அது என் தப்பு.

நீங்கள் ஜூன் மாதம் எழுதிய முதல் கடிதம் கஸ்தூரி கையில் கிடைத்துவிட்டது. படித்துவிட்டு அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "நீங்க அன்னிக்குச் சிரிக்க வச்சது எங்க அண்ணனப் பாத்து இல்ல. என்னப் பாத்து" என்றாள்.

உண்மையை எழுதிவிடுகிறேன் மச்சான். ஜோடியாக நிற்க வேண்டும் என்று ஐயர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. நானாகச் சொன்னது. அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே என்னைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரிப்பார்கள். பஸ்ஸில் ஏறினால் சிரிப்பார்கள், நாற்காலியில் உட்கார்ந்தால் சிரிப்பார்கள். அதனால் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்குள் வேறு ஆளைக் காட்டிவிட வேண்டும். அது எனக்குப் பழக்கம். அன்றைக்கு நீங்கள் முன்னால் நின்றீர்கள்.

மைக்கில் சொன்னதை எப்படித் திரும்பப் பெறுவீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். போன ஞாயிறு சங்கத்தில் தீபாவளி விருந்து. இருநூறு பேர். ஜெயபாலனும் இருந்தான். மைக்கை வாங்கி, "என் மகள் கல்யாணத்துல என் மச்சானை நான் அவமானப்படுத்திட்டேன். தப்பு என் மேல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இன்னொன்று. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாம் என்றிருக்கிறேன். நாற்பத்தெட்டு நாள் விரதம், ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு. எடையைக் குறைக்கச் சொன்னீர்களே, அதுவும் ஆகும்.

தங்கராஜு


மூவார்,
1 டிசம்பர் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் கஸ்தூரியும் நலமாக இருக்க வேண்டும். இதை முறைக்காக எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சங்கத்தில் நீங்கள் பேசியதை ஜெயபாலனே போன் செய்து சொன்னான். அவன் குரலில் இருந்த சங்கடத்தைக் கேட்டபோது எனக்கு வர வேண்டிய மகிழ்ச்சி வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக நீங்கள் எல்லோர் முன்னும் தலைகுனியும் காட்சியைத்தான் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொள்கிறேன் என்று பெரிய மனிதத் தோரணையில் எழுதுவதே தவறு. உங்களிடம் நானும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தில் வேண்டாம். நீங்கள் விரதம் தொடங்கும் நேரம், மனம் தெளிவாக இருக்கட்டும். தைப்பூசம் முடிந்ததும் அந்தச் சோதனையை மறக்காமல் எடுங்கள். அடுத்த ஆண்டு என்று எழுதியிருந்தேன். முன்னதாகவே எடுத்தால் நல்லது.

காவடி எடுக்கும் அன்று வரப் பார்க்கிறேன்.

ஹேமநாதன்


குளுவாங்,
30 மார்ச் 2025

மச்சானுக்கு,

சுகமா? தைப்பூசத்தன்று உங்களை எதிர்பார்த்தேன். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன். பஸ் கிடைத்திருக்காது.

காவடி நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு எடை எவ்வளவு தெரியுமா? 102. பத்தொன்பது கிலோ போய்விட்டது. பெல்ட்டில் நான்கு ஓட்டை புதிதாகப் போட்டேன். கோயிலில் என்னை அடையாளம் தெரியாமல் ஒரு கிழவி, "தங்கராஜு வரலையா தம்பி" என்று என்னிடமே கேட்டாள்.

நீங்கள் சொன்னபடி பிப்ரவரி கடைசியில் சோதனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் வந்தது வம்பு. நம்பர் 7.2.

முதலில் பயந்துபோனேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். குண்டாக இருந்தபோது 3.4. இளைத்ததும் 7.2. நடுவில் மாறியது எடை ஒன்றுதான். ஆக, உடம்பில் இருந்த கொழுப்புதான் அதை அமுக்கி வைத்திருந்தது. விரதம் இருந்து நானே அதைக் கிளப்பிவிட்டேன். 3.4 நல்ல நம்பர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கடிதம் மேசையில்தான் இருக்கிறது. அதனால் மருந்து எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் நாசி லெமாக் இரண்டு பொட்டலம், பத்து மணிக்கு ரொட்டி சானாய், மத்தியானம் கறி. ஒரு மாதத்தில் ஏழு கிலோ ஏறிவிட்டது. 121 தொட்டதும் மறுபடி சோதிப்பேன். 3.4-க்கு வந்துவிடும். கஸ்தூரியிடம் நம்பரைச் சொல்லவில்லை. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அவளுக்குச் சந்தோஷம்.

என் கணக்கு சரிதானே? முதுகுக்குக் கீழே கொஞ்சம் வலி இருக்கிறது. காவடி தூக்கிய வலி.

உங்கள் மாப்பிள்ளை
தங்கராஜு


மூவார்,
3 ஏப்ரல் 2025
(விரைவுத் தபால்)

மாப்பிள்ளை,

நலம் விசாரிக்க நேரமில்லை. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு தாள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் விரல் விட்டுப் பார்க்கட்டும், அரை நிமிட வேலை. சாப்பிட்டு எடையேற்றுவதை இன்றே நிறுத்துங்கள். உங்கள் ஆபீஸுக்கு மூன்று முறை போன் செய்தேன். நீங்கள் எடுத்துப் பேசிய குரல் கேட்டதும் வைத்துவிட்டேன்.

உங்கள் கணக்கு தவறு. ஒரு கரண்டி மைலோத் தூளைச் சின்னக் கோப்பையில் கலக்கினால் கறுப்பாக இருக்கும். பெரிய ஜக்கில் கலக்கினால் வெளிறித் தெரியும். கரண்டி அதே கரண்டிதான். உடம்பு பெருத்தால் ஓடும் இரத்தமும் கூடும். அந்தச் சுரப்பி விடும் பொருள் அவ்வளவு இரத்தத்திலும் கலந்து, எண் குறைந்து காட்டும். அதனால்தான் பருத்த உடம்புக்காரர்களுக்கு வரம்புக்குள் வரும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. கொழுப்பு எதையும் அமுக்கி வைக்கவில்லை. மறைத்து வைத்தது, அவ்வளவுதான். இளைத்ததால் எண் கொஞ்சம் கூடலாம். இரண்டு மடங்காகாது. மறுபடி பருத்தால் எண் இறங்கலாம், ஆனால் உள்ளே இருப்பது இறங்காது.

இதை நானே நேற்றுதான் ஒரு கட்டுரையில் படித்தேன்.

போய்விட்டு எழுதுங்கள்.

ஹேமநாதன்


குளுவாங்,
22 ஜூன் 2025

அண்ணனுக்குக் கஸ்தூரி எழுதுவது.

நீங்கள் நலமா அண்ணா? கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிறது, கை வரவில்லை. இவர் தூங்குகிறார். இவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

உங்கள் விரைவுத் தபால் வந்த அன்றைக்கே என்னிடம் எல்லாவற்றையும் காட்டினார். மறுநாளே போனோம். சதை எடுத்துச் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். புற்றுநோய்தான். வேகமாக வளர்கிற வகை என்கிறார்கள். இடுப்பெலும்பில் ஓர் இடத்திலும் இறங்கியிருக்கிறது. காவடி வலி என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த வலிதான். ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் ஜோகூர் பாருவில் கதிர் வைத்தியம். முற்றிலும் போக்க முடியாது, பல வருடம் கட்டுப்படுத்தி வைக்கப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். சின்ன வயது டாக்டர், நல்ல மாதிரி. இவர் அவரிடமும் வேடிக்கை பேசுகிறார். "நான் சாப்பிட்டே குணமாக்கப் பாத்தேன் டாக்டர்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை.

அண்ணா, நான் கேட்க வந்தது இதுதான். டாக்டர் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு முதல் தாளைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். "நூத்தி இருபத்தொரு கிலோ, மூணு புள்ளி நாலு, கூடவே மூத்திரத் தொந்தரவு. அப்பவே வந்திருக்கணும்மா. இவ்வளவு எடைக்கு இந்த நம்பர் நல்ல நம்பர் இல்ல. ரத்தம் பாக்குறவங்க யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க" என்றார். ஆகஸ்டு ஐந்தாம் தேதியைக் கேன்சல் செய்தது நான்தான், என் கையால் போன் போட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இவரிடம், எங்க அண்ணனுக்கு இது தெரியாதா என்று கேட்டுவிட்டேன். இவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "மச்சானுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாரு. நேத்துதான் படிச்சேன்னு எழுதியிருக்காரே. தெரிஞ்ச அன்னிக்கே தபால் போட்டாரு. அவர் இல்லன்னா நான் இன்னும் நாசி லெமாக் தின்னுக்கிட்டு இருப்பேன். இதப் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது நீ" என்றார்.

கேட்கக் கூடாது என்றார். கேட்கிறேன். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா அண்ணா?

கஸ்தூரி


மூவார்,
29 ஜூன் 2025

மாப்பிள்ளை,

கஸ்தூரி எனக்கு எழுதியிருக்கிறாள். அவளைக் கோபிக்காதீர்கள். அவள் கேட்டதற்கான பதிலை உங்களுக்கே எழுதுகிறேன். கேட்க உரிமையுள்ளவர் நீங்கள். நீங்கள்தான் கேட்க மறுத்துவிட்டீர்கள்.

தெரியும். நேற்றுப் படித்ததல்ல. பதினைந்து ஆண்டுகளாகத் தெரியும். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அந்த மைலோ உதாரணத்தைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். உங்கள் தாளைப் பிரித்தவுடன் முதலில் எடையைப் பார்த்தேன், பிறகு எண்ணை. அந்த நிமிடமே தெரியும். இவர் மறுபடி சோதிக்க வேண்டும், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதமும் எழுதினேன். ஐந்து வரி. உறையிலும் போட்டுவிட்டேன். அப்போது உங்கள் கடிதத்தில் என் ஐம்பத்து நாலு கிலோவைப் பற்றிய வரி மறுபடி கண்ணில் பட்டது. உறையைக் கிழித்தேன்.

அதற்குப் பதிலாக நான் அனுப்பியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எதை எழுதினால் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள் என்று தெரிந்து, அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். அடியில் உத்தியோகப் பெயரையும் போட்டேன். நீங்கள் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற சுகத்தைக் கொஞ்ச நாள் வைத்திருக்க நினைத்தேன். நீங்கள் தேதியை ரத்து செய்ததாக எழுதிய அன்று அந்தச் சுகம் போய்விட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் கடிதத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்களே. நவம்பரில் நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதியபோது இன்னும் கடினமாகிவிட்டது. கோபத்தில் தொடங்கியதை வெட்கத்தில் தொடர்ந்தேன். தைப்பூசத்துக்கு வரவில்லையே, பஸ் இருந்தது. நீங்கள் வெற்று மார்போடு நிற்பதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

போன ஆகஸ்டிலேயே போயிருந்தால் அது எலும்பில் இறங்கியிருக்காதா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சின்ன டாக்டரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். நான் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் போவதில்லை. தேதி இருந்தது. நீங்கள் போகத் தயாராக இருந்தீர்கள். நீங்கள் போ என்றால் போகிறேன் என்று எழுதினீர்கள். நான் போ என்று சொல்லவில்லை.

கஸ்தூரி தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறாள். அவள் வாங்கிய தேதியை அவள் கையாலேயே ரத்து செய்ய வைத்தவன் நான் என்று அவளிடம் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை மடிக்காமல் முழுவதும் காட்டுங்கள். தேன்மொழியிடமும் காட்டுங்கள். சங்கத்தில் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீங்கள் செய்ததை மைக்கில் சொன்னீர்கள். எனக்கு அந்தத் துணிவு வராது. தபாலில் சொல்லும் துணிவே பதினோரு மாதம் கழித்து, ஒருத்தி கேட்ட பிறகுதான் வந்திருக்கிறது.

வைத்தியத்துக்கு உதவும் என்பதால் ஒன்றிரண்டு எழுதுகிறேன். ஊசி போட்டதும் உடம்பு வெப்பமாக வரும், எடையும் கூடப் பார்க்கும், விடாமல் நடங்கள். ஒவ்வொரு முறை இரத்தம் எடுக்கும்போதும் அன்றைய எடையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் பார்த்து யாராவது நல்லது என்று சொன்னால் நம்பாதீர்கள். நான் சொன்னாலும்.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவீர்கள். வேடிக்கை ஒன்றும் சொல்லி, வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் மச்சான் என்றும் எழுதுவீர்கள். உங்களை எனக்கு இந்த ஒரு வருடத்தில்தான் தெரிந்தது.

கடிதத்தின் அடியில் வழக்கம்போல் முடிக்கப் பார்த்தேன். பெயரை எழுதினால் அதற்கு மேலே உறவை எழுத வேண்டும். உங்கள் மச்சான் என்று எழுதிப் பார்த்தேன், அடித்தேன். அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். எழுத்தைப் பார்த்தாலே யார் என்று தெரியும், ஒளிப்பதற்காகச் செய்யவில்லை. உறையை ஒட்டி, பெயர் போடாமலே தபால் பெட்டியில் போடப் போகிறேன்.